யமுனாவும் ஒரு வருஷச் சந்தாவும்

யமுனாவுக்குச் சொந்தக்காரர்களுக்குக் குறைச்சலே கிடையாது. கங்காதர நெல்லூரிலிருந்து சித்தூருக்குப் போகிற எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஒரு சித்தியோ பெரியப்பா மகனோ சன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் நலம் விசாரித்தே வாய் வலித்துவிடும். ஆனால் உன் தாத்தாவுடைய அப்பா பெயர் என்ன என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நாற்பத்தாறு வயதுவரை தோன்றியதும் இல்லை.

அவள் பிறந்தது கங்காதர நெல்லூரை ஒட்டிய ஒரு காலனியில். அப்பா ரங்கையாவும் அம்மா ரத்னம்மாவும் அப்போது அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் வெட்டுக்கூலிக்குப் போனவர்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் யமுனாவும் தம்பி தமிழரசுவும் வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் கரும்புச் சக்கை காயவைக்கப் போவார்கள். பிற்பாடு சர்க்கார் பட்டா கொடுத்தது. மேட்டு நிலம்தான் என்றாலும் ரங்கையா விடவில்லை, மாங்கன்று வைத்துக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். இன்றைக்கு அவை காய்க்கிற மரங்கள். யமுனா தெலுங்கு மீடியத்தில் பத்தாம் வகுப்பு முடித்ததும், இரண்டு மூன்று வருஷம் கழித்து, அம்மாவின் கடைசித் தம்பி முனிகிருஷ்ணனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மாமன்தான். திருப்பதியில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார், இப்போதும் ஸ்டேஷனுக்கும் அலிபிரிக்கும் நடுவே ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

யமுனா ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். இன்று அதே லாட்ஜில் மூன்று மாடிக்கும் அவள்தான் சூப்பர்வைசர். வெள்ளைப் படுக்கை விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தால் அவள் கண்ணுக்கு அது மலைபோல் தெரியும். மகள் பத்மினி நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். சொந்தமாக இரண்டு அறை வீடு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டால், கொஞ்சம் யோசித்து, "மாடில ஒரு ரூம் எடுக்கணும்" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய குறை.

போன தை மாதம் ஒரு காலை, மானேஜர் சுரேஷ்பாபு படிக்கட்டின் அடியில் நின்று தெலுங்கில் கூப்பிட்டார். "யமுனம்மா! கொஞ்செம் கிந்திகி ரண்டி!"

அவள் இறங்கி வந்தாள். ரிசப்ஷனில் அறுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஓர் அம்மாள் நின்றிருந்தார். வெட்டிவிட்ட நரைமுடி, காலில் ஓடுகிறவர்கள் போடுகிற ஷூ, நெற்றியில் பெரிய குங்குமம். பார்த்தால் ஊர்க்காரி மாதிரி இருந்தார், வாயைத் திறந்தால் இங்கிலீஷ்.

"தென்னாப்பிரிக்காலேந்து வந்திருக்காங்க. உங்க ஊர் எங்க இருக்குதுன்னு கேக்கறாங்க" என்றார் மானேஜர், தனக்கு வந்த தமிழில்.

அந்த அம்மாள் பெயர் லோகாம்பாள். வீட்டிலும் வெளியிலும் லோகி. டர்பன் நகரத்தில் ஆஸ்பத்திரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் அவருடைய கொள்ளுத்தாத்தா மெட்ராஸில் கப்பல் ஏறிக் கரும்புத் தோட்டக் கூலியாக அந்த நாட்டுக்குப் போனாராம். குடும்ப வரலாறு தேடித் தருகிற ஒரு வெப்சைட்டில் லோகி சந்தா கட்டிச் சேர்ந்து, அந்தக் கப்பலின் ஆள்பட்டியலைப் பிடித்துவிட்டார். பெயர் முனியன், அப்பா பெயர் செங்கன், வயது இருபத்திரண்டு, ஊர் நெல்லூர். அதை நம்பிக் கடலோரத்துப் பெரிய நெல்லூருக்குப் போய் இரண்டு நாள் தெருத்தெருவாகச் சுற்றியிருக்கிறார். அப்புறம்தான் யாரோ பட்டியலை ஒழுங்காகப் படித்து, "அம்மா, இதில் தாலுகா சித்தூர் என்று போட்டிருக்கிறது, உங்கள் நெல்லூர் வேறு" என்று சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு லோகி விழுந்து விழுந்து சிரித்தார்.

யமுனாவுக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போயிற்று. லாட்ஜில் பேசிப் பழகிய இங்கிலீஷில், "எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு முனியன், மேடம். செங்கன் வீட்டுக்கு ஒருவர்" என்றாள்.

"அப்படியானால் நீங்கள் எனக்குச் சொந்தமாகக்கூட இருக்கலாம்" என்றார் லோகி. "நீங்களும் அந்த வெப்சைட்டில் சேருங்கள். முதல் இரண்டு வாரம் இலவசம். உங்கள் குடும்பத்தை அதில் போட்டால், என் குடும்பத்தோடு எங்கே சேருகிறது என்று அதுவே கண்டுபிடிக்கும். நான் மதுரை, ராமேஸ்வரம் எல்லாம் பார்த்துவிட்டு இங்கேதான் திரும்பி வருவேன். சந்தாவை வேண்டுமானால் நான் கட்டுகிறேன்."

"அதெல்லாம் வேண்டாம். கட்டுவதா இல்லையா என்று நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று யமுனா சொல்லிவிட்டாள். விருந்தாளி பணத்தில் தன் தாத்தாவைத் தேடுவது சரியாகப் படவில்லை.

ஆனால் ஆசை விழுந்துவிட்டது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஆந்திராவில் எல்லாருக்கும் வீட்டுப்பெயர் ஒன்று உண்டு, இண்டிப்பேர் என்பார்கள். தமிழ் பேசுகிற இந்தக் காலனிக்காரர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. யமுனாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஹெட்மாஸ்டர் "இண்டிப்பேர்?" என்று கேட்க, ரங்கையா திருதிருவென்று விழிக்க, அவர் ஊர்ப்பெயரையே எழுதிவிட்டார். தமிழரசு சேரும்போது வேறு ஹெட்மாஸ்டர், ரங்கையா என்பதையே வீட்டுப்பெயர் ஆக்கிவிட்டார். கூடப்பிறந்த இரண்டு பேருக்கும் இரண்டு குடும்பப்பெயர். கோயிலில் அர்ச்சனைக்கு நின்றாலும் கோத்திரம் கேட்பார்கள். மானேஜர் சொல்லிக்கொடுத்த ஒன்றை யமுனா சட்டென்று சொல்லிவிட்டு, சாமியைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பாள். பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. செருப்பில் சிக்கிய சின்னக் கல் மாதிரி, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே பத்மினி தன் போனில் அந்த வெப்சைட்டைத் திறந்து அம்மாவைச் சேர்த்துவிட்டாள். முதலில் யமுனா பெயர், மேலே அப்பா ரங்கையா, அம்மா ரத்னம்மா. அதற்கும் மேலே ஒரு தாத்தா, ஒரு பாட்டி. அங்கேயே நின்றுபோயிற்று. மேலே இருந்த கட்டங்கள் எல்லாம் காலியாக விழித்தன.

"சரி, பக்கத்துல இருக்கிறவங்களப் போடலாம்" என்றாள் பத்மினி. "நைனா பேரு முனிகிருஷ்ணன். கணவன்னு போட்டாச்சு. இப்ப பாட்டியோட தம்பிங்க சொல்லு."

"கடைசித் தம்பி உங்க நைனாதான்."

பத்மினி அதைப் போட்டாள். உடனே திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது. இந்த நபர் ஏற்கெனவே உங்கள் கணவர் என்று பதிவாகியிருக்கிறார், இப்போது உங்கள் தாயின் சகோதரர் என்கிறீர்கள், தவறு இருக்கலாம், சரிபாருங்கள் என்று சொல்லிற்று.

யமுனா சிரித்த சிரிப்பில் வெளியே ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்த முனிகிருஷ்ணன் உள்ளே வந்துவிட்டார். "இன்னா?"

"மாமா, உன்னக் கட்டிக்கினது தப்பாம். திருப்பிப் பாக்கச் சொல்லுது."

"இத்தினி வருஷம் கழிச்சா?" என்றார் அவர். "அப்பவே வந்து சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."

அதற்கப்புறம் அந்த வெப்சைட்டுக்குத் தலைவலிதான். அத்தை மகளைக் கட்டிய பெரியப்பா மகன், ஒரே வீட்டில் அக்கா தங்கையைக் கட்டிய அண்ணன் தம்பிகள், அண்ணன் மகளுக்கே மாமியாராகிப்போன செங்கம்மா அத்தை என்று வரவர அது நிச்சயமா, நிச்சயமா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நிச்சயம் என்று பத்மினி தட்டிக்கொண்டே போனாள். மரம் மேலே வளரவில்லை, பக்கவாட்டில் பந்தல் மாதிரி படர்ந்தது. அதுவாக அனுப்பிய குறிப்புகள் இன்னும் வேடிக்கை. ரத்னம்மா என்ற பெயரை வைத்துக்கொண்டு, வெஸ்ட் இண்டீஸில் எப்போதோ இறந்துபோன ஒரு ரத்னா உங்கள் தாயாக இருக்கக்கூடும் என்றது. ரத்னம்மா அப்போதுதான் போனில் கூப்பிட்டு, மாடு கன்று போட்டதைச் சொல்லி முடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை யமுனா ஊருக்குப் போனாள். ரங்கையா கட்டிலில் உட்கார்ந்து வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"நைனா, உன் தாத்தா பேரு இன்னா?"

"தாத்தா."

"பேரு கேக்கறேன்."

"நான் தாத்தான்னுதான் கூப்ட்டுக்கினு இருந்தேன். பேரச் சொல்லிக் கூப்ட்டா ஒதப்பாரு." அவர் குச்சியைத் தூக்கி எறிந்தார். "கப்பல்ல ஆளுங்க போனாங்கன்னு சொல்லுவாங்க. யாரு, எவுரு, தெரியாது. திரும்பி வந்தாத்தானே தெரியும்?"

தம்பி தமிழரசு ஊரில் பால் சென்டர் நடத்துகிறான். காலையும் சாயங்காலமும் காலனியிலிருந்தும் ஊரிலிருந்தும் பால் வரும். அளந்து, கொழுப்புப் பார்த்து, கம்ப்யூட்டரில் ஏற்றுவான். பி.ஏ. படித்தவன், சுருக்கென்று பேசுகிறவன். அக்கா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவன் கேனை மூடினான்.

"அக்கா, அந்தப் பட்டியல்ல பேருக்குப் பக்கத்துல இன்னா எழுதியிருப்பான், தெரியுமா? ஜாதி. ஆளோட பேரத் தப்பா எழுதினாலும் எழுதுவான், அத மட்டும் தப்பில்லாம எழுதியிருப்பான். அத நாம சந்தா கட்டிப் பாக்கணுமா? இப்பத்தான் கொஞ்சம் நிமுந்துக்கினு கீறோம்."

லாட்ஜில் லோகி போனைக் காட்டியபோது பெயரையும் ஊரையும்தான் யமுனா பார்த்தாள், பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கவில்லை. திருப்பதி திரும்புகிற பஸ்ஸில் அதே யோசனை. தம்பி சொல்வதும் நியாயம்தான். தெரியாமல் இருப்பதிலும் ஒரு நிம்மதி இருக்கிறது. அதேசமயம், அந்தக் காலிக் கட்டங்களும் கண்ணை விட்டுப் போகவில்லை.

"இன்னாத்துக்கு மண்டைய ஒடச்சிக்கிற?" என்றார் முனிகிருஷ்ணன். "ஓசி நாளு இன்னும் கீது. அந்தம்மா வரட்டும்."

லோகி வந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது, கையில் ராமேஸ்வரத்துச் சங்கு இருந்தது. மறுநாள் யமுனா லீவு போட்டாள். முனிகிருஷ்ணனும் ஆட்டோவை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். பத்மினியையும் சேர்த்து நாலு பேரும் சித்தூர் பஸ் ஏறி, அங்கிருந்து மாறி, ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

காலனியே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. லோகி எல்லாருக்கும் கும்பிடு போட்டார். ரங்கையாவின் எதிரில் உட்கார்ந்து, பத்மினி மொழிபெயர்க்க, முனியனைப் பற்றியும் செங்கனைப் பற்றியும் கேட்டார். ரங்கையா மனசார யோசித்தார். யோசித்து யோசித்து, இல்லை என்று கையை விரித்தார். வெப்சைட்டில் இரண்டு குடும்பமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, நடுவில் ஒரு கோடும் விழவில்லை. லோகியின் முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. அதை மறைக்க அவர் மாமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் களியும் கோழிக்குழம்பும். லோகி விரலில் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவதைப் பார்த்து ரத்னம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றி, "இன்னாம்மா, கூச்சப்பட்டுக்கினு? நல்லாத் துன்னு!" என்றாள்.

லோகியின் கை அப்படியே நின்றது.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லு" என்றார் பத்மினியிடம்.

ரத்னம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "துன்னுன்னேன். துன்னும்மா."

லோகிக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவராம். சாயங்காலம் வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்து அவர் சொல்கிற ஒரே தமிழ் அதுதானாம், "வா, துன்னு." டர்பனில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சின்ன லோகி அதைச் சொல்லப்போக, டீச்சர் அதட்டி, அது தமிழே இல்லை, சாப்பிடு என்று சொல் என்றாராம். இந்தத் தடவை மெட்ராஸிலும் மதுரையிலும் ஹோட்டல் ஹோட்டலாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். யாரும் சொல்லவில்லை. அப்பா தப்பாகத்தான் சொல்லிவந்தார் போல என்று நினைத்துவிட்டாராம்.

"உங்க அப்பாவ எப்பிடிக் கூப்பிடுவீங்க?" என்று யமுனா கேட்டாள்.

"நைனா."

ரத்னம்மா இன்னொரு உருண்டை களியைத் தட்டில் வைத்தாள். லோகி அதையும் சாப்பிட்டார்.

தமிழரசு அதுவரை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாடு ஆனதும், அந்தக் கப்பல் பட்டியலைக் காட்ட முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டான். லோகி போனைக் கொடுத்தார். அவன் திரையைப் பெரிதாக்கினான். முனியன், செங்கன் மகன். பக்கத்துக் கட்டத்தில் அவன் சொன்னபடியே ஜாதி எழுதியிருந்தது, இந்தக் காலனியின் ஜாதிதான். யமுனாவும் இப்போது பார்த்தாள்.

"இதைப் பார்க்க உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டான்.

லோகி சுற்றி வளைக்கவில்லை. "என் நைனா நாங்கள் ஜமீன் வம்சம் என்று சொல்லி வளர்த்தார். டர்பனில் யாரைக் கேட்டாலும் ஜமீன் வம்சம்தான், தம்பி. இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு வாரம் கோபம். நைனா மேல், எழுதினவன் மேல், எல்லார் மேலும். அப்புறம் இந்தப் பையனை யோசித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வயது. ஊரில் யார் எதிரிலும் உட்காரக்கூட விட்டிருக்க மாட்டார்கள். கடலைப் பார்த்தே இருக்க மாட்டான். துணிந்து கப்பல் ஏறினான். நான் படித்தது, வேலை பார்த்தது, எல்லாம் அவன் போட்ட வழி. அவனை நான் எதற்கு ஒளித்து வைக்க வேண்டும்?"

பத்மினி அதைத் தமிழில் சொல்லி முடித்தாள். தமிழரசு திரையைக் கீழே தள்ளினான். அடுத்த பெயர். அதற்கடுத்த பெயர். நெல்லூர் என்று இன்னும் சில பேர் இருந்தார்கள். பக்கத்து ஊரான கொத்தூரை எழுதினவன் கோட்டூராக்கி வைத்திருந்தான்.

"நைனா, இத பாரு, கொத்தூர் ஆளு! பேரு பொன்னன்."

"பொன்னனா?" ரங்கையா எழுந்தே வந்துவிட்டார். "கொத்தூர்ல பொன்னன் வூடுன்னு ஒண்ணு கீதே!"

சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில் ஒரு சின்னத் தகராறு வந்தது. லோகியை யமுனா என்ன முறை வைத்துக் கூப்பிடுவது? அக்கா என்றாள் அவள். முனிகிருஷ்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கான்னா எனக்குக் கொழுந்தியா ஆயிடும். இவ்ளோ பெரியவங்கள எப்பிடிக் கிண்டல் பண்றது? அண்ணின்னு வச்சிக்க."

"வெப்சைட்ட வேணும்னா கேக்கலாமா?" என்றாள் பத்மினி.

"அது இன்னும் உங்க நைனாவையே ஒத்துக்கல" என்றாள் யமுனா. கடைசியில் அக்கா என்றே ஆயிற்று, லோகிக்கு அந்தச் சொல்தான் வாயில் வந்தது.

லோகி விமானம் ஏறிய மூன்றாம் நாள் இலவசக் காலம் முடிந்தது. பத்மினி போனை நீட்டினாள். "சொல்லும்மா, கட்டலாமா, வேணாமா?"

யமுனா வேலையிலிருந்து வந்து கால் கழுவியிருந்தாள். படர்ந்து கிடந்த அந்தப் பந்தலை விரலால் ஒருதரம் தள்ளிப் பார்த்தாள். செங்கம்மா அத்தை, மாமன்மார், இன்னும் பெயர் வைக்காத ஒரு குழந்தை. எல்லாரும் இருந்தார்கள். மேலே இருந்த காலிக் கட்டங்களும் இருந்தன. அன்றைக்கு ஏனோ அவற்றைப் பார்க்க வருத்தமாக இல்லை. அங்கே யாரோ இருந்திருக்கிறார்கள், கரும்பு வெட்டியிருக்கிறார்கள், மகளைத் தம்பிக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் தெரியாவிட்டால் இல்லாமலா போய்விடுவார்கள்?

"வேணாம்மா. இதுல கீறவங்க எல்லாரு நம்பரும் என் போன்லயே கீது."

சந்தா வேண்டாம் என்று தட்டியதும், ஏன் விலகுகிறீர்கள் என்று அந்த வெப்சைட் கேட்டது. கட்டணம் அதிகம், பதிவுகள் போதவில்லை, வேறு காரணம் என்று மூன்று இருந்தன. வேறு காரணம் என்பதைத் தொட்டு, கீழே இருந்த கட்டத்தில் யமுனா சொல்லச் சொல்ல பத்மினி தமிழிலேயே எழுதினாள்: ஆளு கெடச்சிட்டாங்க.

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் யமுனா நினைத்தாள். ஒரு வாரம் கழித்துத் தம்பி கூப்பிட்டான். குரலில் ஒரு தயக்கம்.

"அக்கா, நான் அதுல சேந்துட்டேன். ஒரு வருஷத்துக்கு."

"நீயா? நிமுந்துக்கினு கீறோம், அத எதுக்குப் பாக்கணும்னு சொன்னவன் நீதானே?"

"சொன்னேன். அந்தம்மா பேசினப்புறம் தூக்கம் வரல. நம்ம வூட்டுக்காக இல்லக்கா. கப்பல் கப்பலாப் போயிருக்காங்க. சுத்துப்பட்டு ஊர் பேரெல்லாம் தப்புத் தப்பா எழுதி வச்சிருக்கான். அது எந்த ஊருன்னு டர்பன்ல இருக்கிறவங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் பாத்தா தெரியுமில்ல?"

மாங்காய் இறங்குகிற சமயத்தில் யமுனா ஊருக்குப் போனாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, பால் சென்டரில் வரிசை நின்றது. தமிழரசு ஒரு கண் கொழுப்பு பார்க்கிற மெஷினிலும் ஒரு கண் கம்ப்யூட்டரிலுமாக இருந்தான். லோகி அக்கா தன் ஊரில் நாலு பேரிடம் சொல்லிவிட்டாராம், அவர்கள் இன்னும் நாலு பேரிடம் சொல்ல, தினமும் யாராவது கேட்டு எழுதுகிறார்களாம். பாலை ஊற்றிவிட்டு யாரும் வீட்டுக்குப் போகிற வழியாக இல்லை. கொத்தூரிலிருந்து வந்த ஒருவர் பாத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரையில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பொன்னன் வீட்டுக்காரராம்.

"எங்க ஆளு கல்யாணம் பண்ணிக்கினானா அங்க?" என்று கேட்டார்.

"பண்ணிக்கினாரு. ஆறு புள்ளைங்க" என்றான் தமிழரசு.

"அப்ப சரி" என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பாக, பாத்திரத்தைக் கழுவக் குழாயடிக்குப் போனார்.

யமுனா தம்பி பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "தள்ளு, நான் கொழுப்பு பாக்கறேன். நீ அடுத்த பேரப் படி."